முறை அறிந்து விளையாடுவோம்



ஆண்டு விழா மலரில் இலக்கணம் பற்றியோ இலக்கியம் பற்றியோ எழுதுவது எமது வழமை. இம்முறை ஒரு விளையாட்டுத் திடலைப் பற்றி எழுத முற்பட்டுள்ளோம். அதற்குக் காரணம் உண்டு. இலண்டனில் நம் பிள்ளைகள் பலர், தமிழ்ப் பாடம் முடிந்த கையோடு புத்தகப் பையைக் காரில் வைத்துவிட்டு, ஸ்கேற்போட் எனப்படும் சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு பூங்காவிற்கு விரைகின்றனர். அங்கே சீமெந்துக் குழிகளும் சரிவுகளும் கொண்ட பொதுச் சறுக்குத் திடல் இருக்கிறது. கட்டணம் இல்லை, காவலாளி இல்லை, மணியடித்து ஒழுங்குபடுத்த ஆசிரியரும் இல்லை.

இத்தகைய திடலைக் குறித்து ஒரே மாதத்தில் இரு பெற்றோர் எம்மிடம் மனக்குறையோடு பேசினர். தம் மகனை அங்குள்ள பெரிய பையன்கள் விளையாட விடுவதில்லை என்றும், ஒரு மணி நேரம் ஓரத்தில் நின்றுவிட்டு அவன் அழுதுகொண்டு வீடு திரும்பினான் என்றும் ஒருவர் கூறினார். தம் மகன் வரிசை பாராமல் புகுந்து சிறுபிள்ளை ஒன்றை விழுத்திவிட்டதாக அயலவர் வந்து சொன்னார் என்று மற்றவர் வருந்தினார். “இனி அந்தப் பக்கம் போகவே விடமாட்டேன்” என்பதே இருவரும் கண்ட முடிவு.

அம்முடிவு எமக்கு உடன்பாடன்று. அந்த இரு பிள்ளைகளுக்கும் நேர்ந்த துன்பத்தின் வேர் ஒன்றே. அவ்வேரைத் தமிழில் ஒரே சொல்லால் சுட்டலாம். அச்சொல்லையும், அது திடலில் எவ்வாறு செயற்படுகிறது என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

1. சறுக்குப் பலகையின் வரலாறு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், கடலலைமேல் பலகையில் நின்று சறுக்கும் விளையாட்டு நெடுங்காலமாக உண்டு. அலை இல்லாத நாள்களில் என்ன செய்வது என்று எண்ணிய இளைஞர், 1950களில், மரப்பலகையின் அடியில் உருளைச் சப்பாத்தின் சக்கரங்களைப் பொருத்தித் தெருவில் சறுக்கத் தொடங்கினர். அச்சக்கரங்கள் கடினமானவை, தரையைப் பற்றிப் பிடியாதவை, சிறு கல் அகப்பட்டாலும் ஆளைத் தூக்கி எறிபவை. 1970களின் தொடக்கத்தில் பொலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளாலான சக்கரங்கள் வந்தன. அவை தரையைப் பற்றிக்கொண்டு ஓசையின்றி ஓடின. அதன் பின்னரே இவ்விளையாட்டு வேகமாகப் பரவியது.

1970களின் நடுப்பகுதியில் கலிபோர்னியாவில் கடும் வறட்சி ஏற்பட்டது. வீட்டு நீச்சல் தடாகங்கள் நீரின்றிக் கிடந்தன. வளைந்த சுவர்களையுடைய அவ்வெறுந் தடாகங்களில் இளைஞர் இறங்கிச் சறுக்கினர். இன்று நம் பூங்காக்களிலுள்ள கிண்ணம் போன்ற குழிகளின் வடிவம் அத்தடாகங்களிலிருந்து வந்ததே.

இங்கிலாந்தும் பின்தங்கவில்லை. நம்மவர் பலர் வாழும் ஹரோவிலும், தென் இலண்டனின் ஸ்ரொக்வெல்லிலும், கிழக்கே ஹோன்சேர்ச்சிலும் 1978ஆம் ஆண்டில் சறுக்குத் திடல்கள் எழுந்தன. ஹோன்சேர்ச்சிலுள்ள ‘றொம்’ என்னும் திடல், 2014ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட வேண்டிய மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பழைய தேவாலயங்களும் மாளிகைகளும் இடம்பெறும் பட்டியல் அது. ஐரோப்பாவில் அம்மதிப்பைப் பெற்ற முதலாவது சறுக்குத் திடலும் அதுவே.

2021ஆம் ஆண்டு தோக்கியோ நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில் சறுக்குப் பலகை முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. பிரித்தானியாவின் சார்பில் வெண்கலப் பதக்கம் பெற்ற ஸ்கை பிறவுண் அப்போது 13 வயதுச் சிறுமி. ஆகவே, பெற்றோர்களே, இதனை வேலையற்றோர் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுதல் பொருந்தாது.

2. ‘முறை’ என்னும் சொல்

இனி மொழிப் பாடத்திற்கு வருவோம். இக்கட்டுரையின் தொடக்கத்தில் ‘இம்முறை’ என்று எழுதினோம். அங்கே ‘முறை’ என்பது தடவை என்னும் பொருளில் வந்தது. அதே சொல் வேறு எத்தனை பொருள்களில் வருகிறது என்று பாருங்கள்.

“இப்போது என் முறை” என்னும்போது, ஒருவர் பின் ஒருவராக வரும் வாய்ப்பைக் குறிக்கிறது.

“இது செய்யும் முறை அன்று” என்னும்போது, ஒழுங்கையும் வழியையும் குறிக்கிறது.

அரசன் நீதி வழங்குவதை ‘முறைசெய்தல்’ என்றனர் பண்டையோர். அங்கே முறை என்பது நீதி.

“அவர் உனக்கு என்ன முறை?” என்று ஊரில் கேட்பார்கள். மாமன் முறையா, சிற்றப்பன் முறையா என்பது வினா. அங்கே முறை என்பது உறவு.

வாய்ப்பு, ஒழுங்கு, நீதி, உறவு ஆகிய நான்கிற்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை வழங்கினர். ஆழ்ந்து நோக்கின், இவை தம்முள் தொடர்புடையவை என்பது புலப்படும். ஒருவருக்குரிய வாய்ப்பை அவருக்கு விட்டுக்கொடுப்பது ஒழுங்கு. அவ்வொழுங்கு எல்லாருக்கும் ஒன்றாக இருப்பது நீதி. அந்நீதியைத் தொடர்ந்து கடைப்பிடிக்கும் இருவரிடையே, பெயர்கூடத் தெரியாவிடினும், ஓர் உறவு உண்டாகிவிடுகிறது.

இதனை யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் நன்கறிவர். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லின் கீழுள்ள நிலத்தடி நீரே பயிருக்கும் உயிருக்கும் ஆதாரம். ஆகையால் ஒரே கிணற்றில் பலருக்குப் பங்கிருக்கும். காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் பாத்தியமும் எழுதப்பட்டிருப்பதை மூத்தோர் கண்டிருப்பர். இன்று ஒருவர் இறைக்கும் முறை. நாளை மற்றவர் இறைக்கும் முறை. பேச்சுவார்த்தை அற்றுப்போன இரு குடும்பங்கள்கூட முறை தப்பாமல் இறைத்துக்கொண்டிருக்கும். ஒருவர் முறையை மற்றவர் பறித்தால் பயிர் வாடும், பகை மூளும், வழக்கு நீதிமன்றம் செல்லும். கிணறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

பொதுச் சறுக்குத் திடலும் பலருக்குப் பங்குள்ள கிணறு போன்றதே.

3. திடலில் முறை காத்தல்

முதன்முதலாகத் திடலுக்குச் செல்லும் மாணவர் உடனே இறங்குதல் கூடாது. ஐந்து நிமிடமாவது வெளியே நின்று பார்த்தல் வேண்டும். ஒவ்வொருவரும் எங்கே தொடங்குகிறார், எவ்வழியே திரும்புகிறார், எங்கே முடிக்கிறார் என்று நோக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத வீதிகள் அத்திடலில் இருப்பதை உணர்வீர்கள். அவ்வீதிகளை அறியாமல் குறுக்கே நடப்பவர், பெருந்தெருவைப் பாராமல் கடப்பவருக்கு ஒப்பாவார். சறுக்குப் பலகைக்குத் தடுப்புக் கருவி இல்லை என்பதையும் மறவாதீர்கள். காலை ஊன்றியோ, பலகையைத் திருப்பியோ, குதித்திறங்கியோதான் நிறுத்த வேண்டும். ஆகவே உங்களைக் கண்டதும் அவர் நின்றுவிடுவார் என்று எண்ணுதல் தவறு.

‘மதித்தல்’ என்னும் சொல்லுக்கு அளவிடுதல் என்ற பொருளும் உண்டு. மரியாதை செய்தல் என்ற பொருளும் உண்டு. எதிரே வருபவரின் வேகத்தையும் தூரத்தையும் திறமையையும் சரியாக மதிப்பிடுபவரே திடலில் அவரை மதிப்பவராவார்.

அடுத்து, காத்திருத்தல். குழியின் மேல் விளிம்பில் சமதளமான மேடை இருக்கும். இறங்க விரும்புவோர் அங்கு நிற்பர். இலக்கச் சீட்டு இல்லை. யார் முதலில் வந்தார் என்று எழுதி வைப்பவரும் இல்லை. ஆனால் நிற்பவர் ஒவ்வொருவருக்கும் தமக்கு முன் வந்தவர் யார், பின் வந்தவர் யார் என்பது தெரியும். பலகையின் பின்முனையை விளிம்பில் வைத்து மிதித்து நிற்பவர், “அடுத்தது நான்” என்று சொல்லாமற் சொல்கிறார். ஒருவரையொருவர் கண்ணால் நோக்கித் தலையசைத்துவிட்டு இறங்குவதே வழக்கம். ஐயம் ஏற்படின் வாய்விட்டுக் கேட்டல் நன்று. “நீங்கள் அடுத்ததா?” என்று கேட்டவனை எவரும் கடிந்துகொள்வதில்லை.

ஒருவர் இறங்கி, ஓட்டத்தை முடித்தாலோ விழுந்தாலோ அவரது முறை முடிந்தது. விழுந்தவர் பலகையை எடுத்துக்கொண்டு விரைந்து வெளியேற வேண்டும். அவர் வெளியேறும் வரை அடுத்தவர் இறங்கலாகாது. திறமை மிக்கவர் சிலர் விழாமலே நெடுநேரம் சுற்றுவர். ஒலிம்பிக் போட்டியின் குழிப் பிரிவில் ஓர் ஓட்டத்திற்கு 45 வினாடிகளே தரப்பட்டன. உலக வீரருக்கு அந்நேரம் போதுமாயின், நமக்கும் அது போதும்.

ஒருவர் ஓடிக்கொண்டிருக்கும்போது இடையே புகுவதையும், காத்திருப்பவரை முந்தி இறங்குவதையும் ஆங்கிலேயப் பிள்ளைகள் ‘ஸ்னேக்கிங்’ என்பர். பாம்புபோல் நுழைதல் என்பது அதன் கருத்து. கடலலையில் சறுக்குவோரிடமும் இதே ஒழுங்கு உண்டு. ஓர் அலையை முதலில் பிடித்தவருக்கே அவ்வலை உரியது. திடலில் ஒருவனுக்குப் ‘பாம்பு’ என்ற பெயர் வந்துவிட்டால் அதனைப் போக்குவது எளிதன்று. எத்துணை வித்தைகள் கற்றிருந்தாலும் அவனுக்காக எவரும் பலகை தட்டமாட்டார்.

பலகை தட்டுதல் என்றோம், அது யாது? ஒருவர் நெடுநாள் முயன்ற வித்தையைச் செய்து முடித்ததும், சுற்றி நிற்போர் தத்தம் பலகையின் முனையைத் தரையில் தட்டி ஒலியெழுப்புவர். அதுவே அவர்களின் கைதட்டல். அது பெரும்பாலும் மிகத் திறமையானவருக்குக் கிடைப்பதைவிட, பலமுறை விழுந்து எழுந்தவருக்கே உரக்கக் கிடைக்கிறது. பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த எமக்கு அது மிகவும் பிடித்த வழக்கமாகும்.

சறுக்குப் பலகை, ஸ்கூட்டர், பி.எம்.எக்ஸ். எனப்படும் சிறு சைக்கிள் ஆகிய மூன்றும் பல திடல்களில் ஒன்றாக ஓடுகின்றன. சைக்கிள் பாரமானது, வேகமானது, மேலே எழும்பி வேறிடத்தில் இறங்குவது. ஸ்கூட்டரில் வருவோர் பெரும்பாலும் வயதிற் சிறியோர். திசையைத் திடீரென மாற்றுபவர். ஒருவர் மற்றவரின் ஊர்தியைக் கேலி செய்வதைக் கேட்டிருக்கிறோம். அது வேண்டாதது. தமது பலகை காலை விட்டு நழுவி ஓடினால், “போட்!” என்று உரக்கக் கூவி எல்லாரையும் எச்சரித்தல் எவர்க்கும் கடமை.

எவரேனும் பலமாக விழுந்து எழாவிட்டால், முதலில் எல்லாரும் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். தலையிலோ கழுத்திலோ அடிபட்டவரைத் தூக்கி நிறுத்த முயலக்கூடாது. அசையாமல் இருக்கச் சொல்லி, ஒருவர் அருகில் நிற்க, மற்றவர் 999 என்ற இலக்கத்தை அழைத்து, பூங்காவின் பெயரையும் நுழைவாயிலையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். அடிபட்டவர் நேற்று உங்களோடு சண்டையிட்டவராயினும் இதில் வேறுபாடில்லை.

4. இடத்தைப் பேணுதல்

சறுக்குப் பலகையின் சக்கரம் ஏறத்தாழ 50 முதல் 60 மில்லிமீற்றர் விட்டமே உடையது. சிறு கூழாங்கல் ஒன்று அதனை ஒரு கணத்தில் நிறுத்திவிடும். பலகை நிற்கும், மேலே நிற்பவர் நிற்கமாட்டார். ஆகவே திடலில் எறியப்படும் போத்தல் மூடியும், உடைந்த கண்ணாடியும், சப்பித் துப்பிய சுவிங்கமும் வெறும் அழுக்கல்ல. பிறர் கையெலும்பை முறிப்பவை. மழை பெய்த பின் சீமெந்து காயும்வரை காத்திருத்தல் வேண்டும். விளிம்பு வழுக்குவதற்காக மெழுகு பூச விரும்புவோர், அங்குள்ள மற்றவரைக் கேட்டே பூச வேண்டும். ஒருவருக்கு வசதியான வழுக்கல், அதனை அறியாத இன்னொருவரை விழுத்தும்.

அமெரிக்காவின் போட்லண்ட் நகரில், பேண்சைட் என்னும் பாலத்தின் கீழ் குப்பை நிறைந்து கிடந்த இடத்தை, 1990ஆம் ஆண்டில் சறுக்குவோர் தாமே துப்புரவாக்கிச் சீமெந்து குழைத்துத் திடலாக்கத் தொடங்கினர். முதலில் அதற்கு அனுமதி இருக்கவில்லை. அவர்கள் அவ்விடத்தைப் பேணிய விதத்தைக் கண்டு நகர நிருவாகம் பின்னர் அதனை ஏற்றுக்கொண்டது. அனுமதியின்றிக் கட்டுங்கள் என்று யாம் கூறவில்லை. ஒரு தும்புத்தடியை எடுத்துச் சென்று, சறுக்கத் தொடங்குமுன் ஒரு மூலையைக் கூட்டுங்கள் என்றே கூறுகிறோம். கூட்டுகிறவனை ‘அந்நியன்’ என்று எவராலும் சொல்ல முடியாது.

5. மொழியும் மதிப்பும்

இப்பகுதி தமிழ்ப்பள்ளி மாணவருக்கே உரியது. நம் பிள்ளைகள் நால்வர் ஐவர் ஒன்றாகத் திடலுக்குச் செல்கையில் தமிழிற் பேசுவது எமக்கு மகிழ்ச்சி தருவது. ஆனால் எதிரே விழுந்தெழும்பும் பருத்த பிள்ளையையோ, தலைமறைப்பு அணிந்த சிறுமியையோ தமிழிற் கேலி செய்து சிரிப்பது தமிழுக்கு இழுக்கு. அவர்களுக்குச் சொல் விளங்காது என்று நினைக்கிறோம். சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. நாம் இந்நாட்டிற்கு வந்த புதிதில், பேருந்துகளிலும் தொழிற்சாலைகளிலும் நமக்கு விளங்காத மொழியில் நம்மைக் குறித்துச் சிரிக்கக் கேட்டு மனம் நொந்தவர்கள் உங்கள் தாய் தந்தையர். அந்த நோவைப் பிறர்க்குக் கொடுக்கத் தமிழைக் கருவியாக்காதீர்கள்.

பெண் பிள்ளைகள் பற்றியும் ஒரு சொல். பல திடல்களில் பெண்கள் ஓரத்தில் அமர்ந்து பார்ப்பவராகவே இருக்கின்றனர். இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில், பன்னாவுக்கு அருகேயுள்ள ஜன்வார் என்னும் சிற்றூரில் 2015ஆம் ஆண்டில் ஒரு சறுக்குத் திடல் கட்டப்பட்டது. அங்கே இரு விதிகள் வகுக்கப்பட்டன. பள்ளிக்குச் செல்லாதவருக்குப் பலகை இல்லை என்பது ஒன்று. பெண் பிள்ளைகளுக்கே முதலிடம் என்பது மற்றொன்று. சாதியால் பிரிந்து கிடந்த அவ்வூரின் பிள்ளைகள் ஒரே பலகையை மாறி மாறி வாங்கிச் சறுக்கினர். பெரியோர் உரைகளால் எளிதிற் செய்ய முடியாததை, முறை மாறிய ஒரு பலகை செய்யத் தொடங்கியது.

இன்னொன்றையும் தெளிவாகக் கூற விரும்புகிறோம். முறை காத்தல் என்பது அடங்கிக் கிடத்தல் அன்று. உங்கள் முறையை ஒருவர் பறித்தால், குரலை உயர்த்தாமல், அவர் முகத்தைப் பார்த்து, “அடுத்தது நான்” என்று சொல்லுங்கள். நாள்தோறும் வருபவர் திடலின் உரிமையாளர் அல்லர். முதன்முறை வருபவர் விருந்தாளியும் அல்லர். நிறத்தையோ இனத்தையோ சொல்லி எவரேனும் இழித்துரைத்தால், பதிலுக்கு இழித்துரையாமல் அவ்விடத்தை விட்டு நீங்கி, வீட்டிலும் பள்ளியிலும் சொல்லுங்கள். அது நீங்கள் தனியே சுமக்க வேண்டிய சுமையன்று.

6. பெற்றோரின் பங்கு

பெற்றோர்களே, பிள்ளையைத் தடுப்பதைவிடத் தயார்ப்படுத்துவது நன்று. தலைக்கவசம் வாங்கும்போது ஈ.என். 1078 என்ற தரக் குறியீடு உள்ளதா என்று பாருங்கள். அது நெற்றியை மறைத்துச் சமமாக அமர வேண்டும். பின்னே சரிந்து கிடக்கலாகாது. விழும்போது கையை ஊன்றுவது மனித இயல்பு. அதனால் மணிக்கட்டு முறிதல் மிகுதி. ஆகவே மணிக்கட்டுக் காப்பும், முழங்கால் முழங்கைக் காப்புகளும் பயன்தரும்.

தொடக்கநிலைப் பிள்ளைகளைச் சனி, ஞாயிறு காலை வேளைகளில் அழைத்துச் செல்லுங்கள். அப்போது பெரும்பாலும் கூட்டம் குறைவு. சரிவைச் சறுக்குமரமாக எண்ணிக் குழந்தையை அதில் விளையாட விடுதலும், குழந்தை வண்டியைத் திடலின் நடுவே தள்ளிச் செல்லுதலும் ஆபத்தானவை. பிள்ளைகளின் சிறு பிணக்குகளில் உடனே தலையிடாதீர்கள். முறை கேட்டுப் பெறவும் விட்டுக்கொடுக்கவும் அவர்கள் தாமே பழகட்டும். கைத்தொலைபேசியில் படமெடுப்பதாயின், பிறர் பிள்ளைகளை அவர்தம் பெற்றோரின் இசைவின்றிப் படமெடுத்தல் தகாது.

7. முறை தவறினால்

முறை தவறுபவனை முதலில் முறைத்துப் பார்ப்பர். அதன்பின் முறைப்பாடு செய்வர். மாணவர்களே, இச்சொற்களையும் கவனியுங்கள். முறை இருக்கும் இடத்தில் முறைப்பாடு இல்லை.

முறைப்பாடுகள் பெருகினால் என்ன நேரும்? நம்மவர் பலர் வாழும் நோர்வே நாட்டில், விபத்துகளுக்கு அஞ்சி 1978ஆம் ஆண்டு முதல் 1989ஆம் ஆண்டு வரை சறுக்குப் பலகையே தடைசெய்யப்பட்டிருந்தது. விற்பதும் குற்றம், ஓடுவதும் குற்றம். அக்காலத்து இளைஞர் காடுகளுக்குள் மறைவாகச் சரிவு கட்டிச் சறுக்கினர். இங்கிலாந்திலும் 1970களில் எழுந்த திடல்கள் பல, 1980களின் தொடக்கத்திலேயே மூடப்பட்டு இடிக்கப்பட்டன.

இதற்கு மாறான வரலாறும் உண்டு. தேம்ஸ் நதியின் தென்கரையில், எலிசபெத் மகாராணி மண்டபத்தின் கீழுள்ள திறந்தவெளியில், 1970களில் இருந்து இளைஞர் சறுக்கி வருகின்றனர். 2013ஆம் ஆண்டில் அவ்விடத்தைக் கடைகளாக்கும் திட்டம் வெளியாயிற்று. சறுக்குவோர் மேசை போட்டு அமர்ந்து, வழிப்போக்கரிடம் கையொப்பம் திரட்டினர். வயது முதிர்ந்தோரும், ஒருநாளேனும் பலகையில் ஏறாதோரும் கையொப்பமிட்டனர். 2014ஆம் ஆண்டில் உடன்பாடு எட்டப்பட்டு இடம் காப்பாற்றப்பட்டது; மூடப்பட்டிருந்த ஒரு பகுதியும் செப்பனிடப்பட்டு 2019ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த இளைஞர் வழிப்போக்கரைத் தொல்லைப்படுத்தியிருந்தால், அக்கையொப்பங்கள் கிடைத்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

முடிவுரை

போர்க்காலத்தில் வளர்ந்த எம் தலைமுறைக்குத் திறந்த மைதானம் எளிதிற் கிடைத்த பொருளன்று. எம் பள்ளிக்கூடங்களில் இடம்பெயர்ந்த மக்கள் தங்கினர். மைதானங்களில் கூடாரங்கள் எழுந்தன. பந்தடிக்கும் பருவத்தில் பதுங்கு குழி வெட்டியோர் நம்மிடையே பலர். எவரும் அடையாள அட்டை கேட்காத, எவரும் நிறுத்திச் சோதனையிடாத ஓரிடத்தில் நம் பிள்ளைகள் குழிக்குள் இறங்குவதும் சிரித்துக்கொண்டு வெளியே ஏறுவதும் எமக்குச் சாதாரணக் காட்சியன்று. ஆகையினாற்றான் அச்சத்தாலோ கவனயீனத்தாலோ அதனை இழந்துவிடக்கூடாது என்று வற்புறுத்துகிறோம்.

தோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் குழிப் பிரிவு இறுதிப் போட்டியில், உலகின் முன்னணி வீராங்கனையாக வந்த யப்பானியச் சிறுமி மிசுகு ஒகமோட்டோ, கடைசி ஓட்டத்தில் விழுந்தாள். பதக்கம் கைநழுவியது, நான்காம் இடமே கிடைத்தது. அவள் கண்ணீரோடு வெளியே வந்தபோது, அவளோடு போட்டியிட்ட பிற நாட்டுச் சிறுமியர் ஓடிச்சென்று அவளைத் தோள்மேல் தூக்கிக்கொண்டனர். அவர்கள் பேசும் மொழிகள் வேறு, கொடிகள் வேறு. ஆயினும் ஒரே விளிம்பில் நின்று முறை பார்த்து இறங்கியவர்கள் அவர்கள்.

“அவர் உனக்கு என்ன முறை?” என்று ஊரிலிருந்து வந்த பாட்டி எவரேனும் கேட்டால், “எனக்கு அடுத்த முறை” என்று சொல்லத்தக்க நண்பர் ஒருவரையாவது அத்திடலில் தேடிக்கொள்ளுங்கள்.

பயிற்சி

அருஞ்சொற்கள்

பாத்தியம் – உரிமை
முறைசெய்தல் – நீதி வழங்குதல்
முறைப்பாடு – குறை கூறி நீதி கேட்டல்
பிணக்கு – மனவேறுபாடு, சச்சரவு
இழித்துரைத்தல் – தாழ்வாகப் பேசுதல்
இசைவு – சம்மதம்

வினாக்கள்

1. ‘முறை’ என்னும் சொல்லின் நான்கு பொருள்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் சொந்த வாக்கியம் ஒன்று அமைக்குக.
2. பலருக்குப் பங்குள்ள கிணற்றுக்கும் பொதுச் சறுக்குத் திடலுக்கும் உள்ள ஒற்றுமைகள் இரண்டினைக் கூறுக.
3. ‘மதித்தல்’ என்னும் சொல்லின் இரு பொருள்களும் திடலில் எவ்வாறு ஒன்றுசேர்கின்றன?
4. ‘முறை காத்தல் என்பது அடங்கிக் கிடத்தல் அன்று’ என்பதை உமது அனுபவத்தைக் கொண்டு விளக்குக.
5. ஜன்வார் சிற்றூரின் இரு விதிகளுள் உமது திடலுக்கு மிகவும் தேவையானது எது? காரணம் தருக.

செயற்பாடு: பெற்றோருடன் அருகிலுள்ள சறுக்குத் திடலுக்குச் சென்று, பத்து நிமிடம் வெளியே நின்று நோக்கி, முறை காக்கப்பட்ட மூன்று சந்தர்ப்பங்களைத் தமிழில் எழுதி வருக. முறை தவறிய சந்தர்ப்பங்களை எழுத வேண்டியதில்லை. அவற்றை எழுதாமலே எல்லாரும் அறிவர்.